துணிக்கு ஒரு கண்... தண்ணிக்கு?

(இறுதியாண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



வருஷா வருஷம் நம்ம ஆண்டு மலரில் கவிதை வரும், நட்பு வரும், பிரிவு வரும், ‘நாளைய பாரதம் நம் கையில்’ வரும். எல்லாம் வேண்டியதுதான். இந்த முறை சாயத் தண்ணியைப் பற்றிப் பேசக் கொஞ்சம் இடம் கேட்டேன். பேரவைத் தோழர்கள் பெரிய மனசு பண்ணி நாலு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். படித்துவிட்டுத் திட்டுவதானால் கேன்டீனுக்கு வந்து நேரிலேயே திட்டலாம்!

விஷயத்துக்கு வருகிறேன். திருப்பூர்ப் பக்கம் ஓரளவு பெரிய சாயப்பட்டறை எதற்குள் போனாலும் ஒரு லேப் இருக்கும். அந்த லேப்பில் ஸ்பெக்ட்ரோ ஃபோட்டோமீட்டர் என்று ஒரு கருவி இருக்கும். ஒரு துண்டுத் துணியை அதில் வைத்து பட்டனை அமுக்கினால் போதும். துணி மேல் வெளிச்சம் பட்டுத் திரும்பி வருவதை அலைநீளம் அலைநீளமாக அளந்து, வாங்குபவர் அனுப்பிய மாதிரிக்கும் இந்தத் துணிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு எண்ணைச் சொல்லிவிடும். டெல்டா-ஈ என்று அதற்குப் பெயர். அது 1-க்குள் இருக்க வேண்டும் என்பது பல வாங்குபவர்கள் வைக்கும் நிபந்தனை. தாண்டினால் ‘ஷேட் ஆஃப்’. மறுபடியும் மிஷினில் ஏற்ற வேண்டியதுதான். இரண்டு துணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் நம்ம கண்ணுக்கு லேசில் பிடிபடாத வித்தியாசம் அது!

சரி... அந்தத் துணியை அலசிய தண்ணிக்கு?

சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளே மீட்டர்கள் இருக்கின்றன. இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே ஓடையில், வாய்க்காலில், பாலத்துக்கு அடியில் ஓடும் தண்ணியை எந்தக் கருவி பார்க்கிறது? பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து, “இன்னைக்குச் செவப்பா போவுதுங்க” என்று சொல்வதோடு சரி. துணிக்கு ஒரு கண், தண்ணிக்கு ஒரு கண்ணா?

என் கருத்தை முதலிலேயே போட்டு உடைத்து விடுகிறேன். சாயக் கழிவைக் கண்டுபிடிக்கும் ஒளி உணர்வி, அதாவது ஆப்டிக்கல் சென்சார், பெரிய விஞ்ஞானிகளின் ஆராய்ச்சிக் கட்டுரைக்குள் மட்டும் இருக்க வேண்டிய பொருள் இல்லை. அதைச் செய்யவும், ஓடைக்கரையில் வைத்துப் பராமரிக்கவும் டிப்ளமோ படிக்கும் நம்மால் முடியும். நாம்தான் செய்யவும் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

ஒளி எப்படிக் கணக்குப் பண்ணுகிறது?

ரொம்ப எளிய தத்துவம். நீலச் சாயம் கலந்த தண்ணி ஏன் நீலமாகத் தெரிகிறது? வெள்ளை வெளிச்சத்தில் இருக்கும் சிவப்பு, மஞ்சள் பகுதியை அந்தச் சாயம் விழுங்கிவிடுகிறது. மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. ஆகவே நீலச் சாயம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், அது விரும்பி விழுங்கும் சிவப்பு ஒளியை அனுப்பி, எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்க்க வேண்டும். சிவப்புச் சாயத்துக்குப் பச்சை ஒளி. மஞ்சள் சாயத்துக்கு நீல ஒளி. அவ்வளவுதான்!

இதைக் கணக்காக்கிக் கொடுத்தவர்கள் மூவர். 1729-ல் பூகர், 1760-ல் லாம்பர்ட், 1852-ல் பீர். பீர்-லாம்பர்ட் விதி என்று பாடத்தில் வரும். சுத்தத் தண்ணி வழியாக வந்த ஒளியை, சாயத் தண்ணி வழியாக வந்த ஒளியால் வகுத்து, லாகரிதம் எடுத்தால் கிடைப்பது ‘உட்கவர்வு’. அந்த எண், சாயத்தின் அளவுக்கும் ஒளி கடந்த தூரத்துக்கும் நேர் விகிதத்தில் இருக்கும். சாயம் இரட்டிப்பானால் எண்ணும் இரட்டிப்பாகும். தூரம் பத்து மடங்கானால் எண்ணும் பத்து மடங்காகும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் 664 நானோமீட்டர் சிவப்பு ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் நிறைய தண்ணி. அதில் ஒரே ஒரு கிராம் மெத்திலீன் புளூ. அந்தத் தண்ணியை ஒரு சென்டிமீட்டர் அகலக் குப்பியில் எடுத்து அந்த ஒளியை அனுப்பினால், போன ஒளியில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் மறுபக்கம் வரும். மிச்சம் 40 சதவீதத்தைச் சாயம் சாப்பிட்டுவிடும். ஆயிரம் லிட்டரில் ஒரு கிராம்! நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஃபோட்டோ டையோடுக்கு அந்த வித்தியாசம் பகல் போலத் தெரியும்.

நம்ம வயசுப் பையன் ஒருவன்

செயற்கைச் சாயம் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1856-ல் லண்டனில் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற மாணவன், மலேரியாவுக்கான குவினைன் மருந்தைச் செயற்கையாகச் செய்து பார்க்க முயன்றான். மருந்து வரவில்லை. கறுப்பாக ஏதோ பிசுக்குதான் வந்தது. குப்பியை ஆல்கஹால் ஊற்றிக் கழுவினால் அழகான ஊதா நிறம்! ‘மாவ்’ என்று ஊரெல்லாம் கொண்டாடிய அந்தச் சாயத்தில் இருந்துதான் செயற்கைச் சாயத் தொழிலே தொடங்கியது. அப்போது பெர்கினுக்கு வயசு என்ன? 18. நம்ம வயசு!

சரியாக நூறு வருஷம் கழித்து, 1956-ல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனி ‘ரியாக்டிவ்’ சாயங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பருத்தி நூலோடு வேதிப் பிணைப்பு கொண்டு ஒட்டிக்கொள்வதால் துவைத்தாலும் லேசில் போகாது. இன்று பனியன் துணிக்குப் போடுவது பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் போட்ட சாயம் முழுவதும் நூலில் ஏறாது. சாயத்தைப் பொறுத்து 10 முதல் 40 சதவீதம் வரை தண்ணியிலேயே தங்கிவிடும். சாயம் நூலை நோக்கிப் போக உப்பும் கொட்ட வேண்டும். ஆழ்ந்த நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் கூடப் போடுகிறார்கள். கடல் தண்ணியிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான் உப்பு! இந்த உப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இரண்டு பக்கமும் எங்க வீடுதான்

நொய்யல் கதை உங்களுக்குத் தெரியாதது இல்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாகக் காவிரிக்குப் போகிற ஆறு. பாசனத்துக்காக அதன் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை கட்டி 1992-ல் திறந்தார்கள். சில வருஷங்களிலேயே அது சாயக் கழிவு தேங்கும் குட்டையாக மாறி, பயிருக்குத் திறந்துவிட முடியாத தண்ணியாகிப் போனது. ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போனது. 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாற வேண்டும் என்று சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அப்படியும் நிலைமை மாறாததால், 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடி மின் இணைப்பைத் துண்டிக்க உத்தரவிட்டது. சுத்திகரிப்பை நிரூபித்துக் காட்டியவர்கள் பின்னர் ஒவ்வொருவராகத் திறந்தார்கள்.

எங்க அம்மாவைப் பெற்ற அப்புச்சி, அந்த அணைக்குக் கீழே பண்ணையம் பார்த்தவர். கிணத்துத் தண்ணி கெட்டுப்போய்த் தென்னை காய்ந்ததால் காட்டைப் போட்டுவிட்டு வந்தவர். எங்க அப்பா சாயப்பட்டறையில் மிஷின் ஓட்டியவர். 2011-ல் எனக்கு நாலு வயசுதான். அந்த மாசங்கள் எனக்கு நினைவில்லை. அரிசிக்கு அம்மா என்ன செய்தார், அப்பா எந்தெந்த ஊருக்கு வேலை தேடிப் போனார் என்பதெல்லாம் வீட்டில் சொல்லிக் கேட்டது. ஆக, ஆற்றுக்கு வந்த கஷ்டமும் எங்க வீட்டுக்குத்தான் வந்தது. ஆற்றைக் காப்பாற்ற வந்த கஷ்டமும் எங்க வீட்டுக்குத்தான் வந்தது. இன்றைக்கும் பொங்கலுக்கு எல்லோரும் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. அப்புச்சி, “கோர்ட்டு செஞ்சதுதானுங்க சரி” என்பார். அப்பா, “நாங்க வேலை பார்த்த பட்டறை பைப்பைச் சரியாத்தான் சேர்த்திருந்துச்சு. எவனோ பண்ணுனதுக்கு நாங்க பட்டோம் மாமா” என்பார்.

பத்தாவதைத் தாண்டிப் படிக்கும் முதல் ஆள் எங்க வீட்டில் நான்தான். அதனால் தீர்ப்புச் சொல்லும்படி என்னைத்தான் கேட்பார்கள்! நான் சொல்வது இது: இரண்டு பேரும் சொல்வது நியாயம். ஆனால் இரண்டு பேர் கையிலும் அளவு இல்லை. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எவ்வளவு சாயம் ஓடியது என்று எழுதி வைத்த கணக்கு ஓடைக்கரையில் யாரிடமும் கிடையாது. நண்பர்களே, அளவு இல்லாத இடத்தில் தண்டனை எல்லோருக்கும் பொதுவாகத்தான் விழும். ஒழுங்காக இருந்தவனும் சேர்ந்துதான் மூடுவான். கூலிக்காரன் சேர்ந்துதான் பட்டினி கிடப்பான். சென்சார் என்றால் தொழிலுக்கு எதிரி என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நல்லவனையும் கெட்டவனையும் பிரித்துக் காட்டுவதற்குத்தான் அளவு.

போட்டோ வேறு, வாட்ச்மேன் வேறு

“அதற்குத்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறதே, மாதிரி எடுத்து லேப்பில் பார்க்கிறார்களே” என்று கேட்பீர்கள். உண்மை. 1974-ம் வருஷத் தண்ணீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவு, மாதிரியை எப்படி எடுக்க வேண்டும், எப்படி முத்திரை வைக்க வேண்டும் என்று முறை சொல்கிறது. அந்த முறையில் எடுத்த மாதிரிதான் கோர்ட்டில் செல்லும். நாம் செய்யும் டப்பாவின் எண் அங்கே சாட்சி ஆகாது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டுதான் வேலையில் இறங்க வேண்டும்.

ஆனால் மாதிரி என்பது ஒரு போட்டோ மாதிரி. எடுத்த நிமிஷத்தைத்தான் காட்டும். மழை பெய்யும் ராத்திரியில் சிலர் கழிவைத் திறந்து விடுகிறார்கள் என்ற புகார் செய்திகள் இன்றும் வந்தபடிதான் இருக்கின்றன. விடிந்து, யாரோ போன் பண்ணி, அதிகாரி வந்து சேர்வதற்குள் நிறம் கீழே போய்விடும். காவலுக்கு வாட்ச்மேன் வேண்டும், போட்டோ போதாது. தூங்காமல் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்து நேரத்தோடு எழுதிவைக்கும் கண் வேண்டும். ‘செவ்வாய்க்கிழமை ராத்திரி 1.40-லிருந்து 3 மணி வரை பச்சை ஒளி பாதியாகக் குறைந்தது’ என்று ஒரு பதிவு இருந்தால், அடுத்த முறை எப்போது, எங்கே போய் நின்று சட்டப்படி மாதிரி எடுக்கலாம் என்று அதிகாரிக்குத் தெரியும். நம்ம சென்சார் நீதிபதி இல்லை, மணியடிப்பவன்!

பெரிய அளவில் இது நடக்காமல் இல்லை. அதிகம் மாசு தரும் 17 வகைத் தொழிற்சாலைகள் தொடர் கண்காணிப்புக் கருவி வைக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் உத்தரவிட்டது. அவற்றில் ஒளியால் அளக்கும் கருவிகளும் உண்டு. ஆனால் அவை விலை அதிகம். அதோடு, அவை இருப்பது ஆலைக்குள்ளே, ஆலைக்காரர் பராமரிப்பில். ஓடைக்கு என்று தனியாக ஒரு கண் வேண்டாமா?

நம்மால் முடியுமா?

முடியும். என்னென்ன வேண்டும்? சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்.இ.டி., ஒரு ஃபோட்டோ டையோடு, ஒரு ஆப்-ஆம்ப், ஒரு ஆர்டுயினோ போர்டு, நேரம் காட்டும் ஐ.சி., மெமரி கார்டு, இரண்டு முனையிலும் கண்ணாடி ஒட்டி உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்த பி.வி.சி. குழாய். எல்லாம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடக்கலாம்.

எதற்கு மூன்று நிறம்? நம் நாட்டில் தண்ணியின் நிறத்தைப் பெரும்பாலும் பிளாட்டினம்-கோபால்ட் அளவில்தான் சொல்கிறார்கள். ஹேசன் என்பவர் 1892-ல் கொண்டுவந்த அளவு அது. குடிதண்ணிக்கு 5, வேறு வழியில்லை என்றால் 15 வரை என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. துணி ஆலைக் கழிவுக்கு 150 என்று 2016-ல் மத்திய அரசு விதித்தது. ஆனால் அந்த அளவின் மாதிரிக் கரைசல் மஞ்சள் பழுப்பு நிறம்! இலைச் சருகு ஊறிய தண்ணிக்குப் பொருந்தும். ரத்தச் சிவப்பாகவும் மயில் நீலமாகவும் ஓடும் தண்ணியை மஞ்சளோடு எப்படி ஒப்பிடுவது? 436, 525, 620 நானோமீட்டர் என்று மூன்று அலைநீளத்தில் அளக்கும் சர்வதேச முறை ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் துணி ஆலைக் கழிவுக்கு இந்த மூன்றிலும், ஒரு மீட்டர் தூரத்துக்கு உட்கவர்வு முறையே 7, 5, 3 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம்ம பச்சை, சிவப்பு எல்.இ.டி.க்கள் இந்த எண்களுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கின்றன. சாதாரண நீல எல்.இ.டி. 470 பக்கம் இருப்பதால் கொஞ்சம் தள்ளி நிற்கும். எனவே அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் போகும் திசை தெரியும்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆர்டுயினோவின் ஏ.டி.சி. 10 பிட். சுத்தத் தண்ணிக்கு 900 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஜெர்மனியின் சிவப்பு வரம்பான 3, ஒரு சென்டிமீட்டர் குப்பியில் 0.03 ஆகும், 900 என்பது 840 ஆகும். வித்தியாசம் 60-தான். அதையே 10 சென்டிமீட்டர் குழாயில் வைத்தால் 0.3, 900 என்பது 451 ஆகிவிடும். சரிபாதி! குழாயை நீட்டினாலே போதும், கண்ணுக்குத் தெரியாத நிறமும் கருவிக்குத் தெரியும். ஆனால் ரொம்ப அடர்த்தியான தண்ணி வந்தால் நீளக் குழாய் திணறும். உட்கவர்வு 2 என்றால் 900-ல் 9-தான் மிஞ்சும். அதற்குக் கீழே வருவது வெறும் இரைச்சல். அதனால் ஒரு நீளக் குழாய், ஒரு குட்டைக் குழாய் என்று இரண்டு வைப்பது நல்லது.

சிக்கல் இல்லாமல் இல்லை. மழைத் தண்ணியில் சேறு வரும். சேறும் ஒளியை மறைக்கும். சாயம் என்று நாம் ஏமாறுவோம். இதற்கு நாலாவதாக ஒரு அகச்சிவப்பு எல்.இ.டி. வைக்கலாம். 860 நானோமீட்டர் பக்கம் பெரும்பாலான சாயங்கள் ஒளியை விழுங்குவதில்லை, சேறு மறைக்கும். அகச்சிவப்பும் சேர்ந்து குறைந்தால் கலங்கல், பச்சை மட்டும் குறைந்தால் சிவப்புச் சாயம் என்று பிரிக்கலாம். அடுத்தது வெயில். எல்.இ.டி.யை அணைத்து ஒரு தரம், ஏற்றி ஒரு தரம் அளந்து கழித்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய எதிரி பாசி! கண்ணாடியில் பாசி படர்ந்தால் சுத்தத் தண்ணியும் சாயத் தண்ணியாகத் தெரியும். வாரம் ஒரு முறை யாராவது போய் பிரஷ் போட்டுக் கழுவி, வாலை வடித்த தண்ணியை ஊற்றி 900 வருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இங்கேதான் நம்ம அருமை தெரியும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுபவர் பாசி கழுவ வரமாட்டார். டிப்ளமோக்காரன் வருவான்!

ஒளிக்கு இன்னும் வித்தைகள் உண்டு. ரோடமின்-பி என்ற சாயம் பச்சை ஒளியை வாங்கிக்கொண்டு ஆரஞ்சு ஒளியாகத் திருப்பிக் கொடுக்கும். அது கலந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்கள். இப்படி ஒளிரும் சாயத்தைப் பிடிக்க ஃபோட்டோ டையோடைப் பக்கவாட்டில் வைத்து, முன்னால் ஒரு ஆரஞ்சு வடிகட்டியை ஒட்டினால் போதும். நம்ம சர் சி.வி. ராமன் 1928-ல் கண்டுபிடித்த விளைவை வெள்ளி நுண்துகள்களின் மேல் பயன்படுத்தி, எந்தச் சாயம் என்று பெயரோடு சொல்லும் சென்சார்களும் வந்துவிட்டன. அவை பெரிய லேப் சமாச்சாரம். அது நம்ம கைக்கு வரும் வரைக்கும் மூன்று எல்.இ.டி. சும்மா இருக்க வேண்டாமே!

நிறம் போனால் விஷம் போனதாகுமா?

இதுதான் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. ஒளி உணர்வியை மட்டும் நம்பி உட்கார்ந்தால் நாம் ஏமாறுவோம். நான் சொன்ன உப்பு ஞாபகம் இருக்கிறதா? உப்புக்கு நிறம் கிடையாது. கடலை விட உப்பான தண்ணி பளிங்கு மாதிரி இருக்கலாம். மூன்று எல்.இ.டி.யும் “எல்லாம் நலம்” என்று சொல்லும். அந்தத் தண்ணி பாய்ந்த காட்டில் தென்னை காயும். சாயத் தண்ணியில் பிளீச்சிங் திரவத்தைக் கொட்டினாலும் நிறம் பறந்துவிடும். அப்போது புதிதாகக் குளோரின் சேர்ந்த பொருள்கள் உண்டாகலாம். உப்பு இன்னும் கூடும். அசோ வகைச் சாயங்கள் காற்றில்லாத சேற்றில் உடைந்தால் நிறம் போய், அரோமேட்டிக் அமீன்கள் மிஞ்சும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை.

எங்க அப்புச்சியிடம் இந்த டப்பாவைப் பற்றிச் சொன்னபோது, “தண்ணி கெட்டுப்போச்சுன்னு மிசின் வந்து சொல்லோணுமா கண்ணு? மாடு வாய் வெக்கலீன்னா தெரிஞ்சு போச்சு” என்றார். சிரிக்க வேண்டாம். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. மாடு பார்ப்பது நிறத்தை இல்லை, ருசியை! ஆகவே நிறம் பார்க்கும் கண்ணோடு உப்பு பார்க்கும் நாக்கும் வேண்டும். மின் கடத்துதிறன் அளக்கும் இரண்டு கம்பிதான் அந்த நாக்கு. கரைந்த உப்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஆற்றில் விடும் கழிவுக்கான வரம்பு. நிறம் குறைந்து கடத்துதிறன் மட்டும் எகிறினால் யாரோ நிறத்தை மட்டும் வெளுத்து விடுகிறார்கள் என்று சந்தேகப்பட இடம் உண்டு. இரண்டு எண்ணும் சேர்ந்தால்தான் கதை முழுசாகும். நிறம் மட்டும் காட்டும் கருவியை வைத்துக்கொண்டு ‘தண்ணி சுத்தம்’ என்று சான்றிதழ் கொடுக்க யார் வந்தாலும் நம்பாதீர்கள்... நாமே ஆனாலும் சரி!

என்ன செய்யலாம்?

ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட் என்றால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? டவுனில் புராஜெக்ட் விற்கிற கடைக்குப் போய், நாலு பேர் சேர்ந்து பணம் கட்டி, கோட்டில் ஓடும் ரோபோவை ரிப்போர்ட்டோடு வாங்கி வருகிறோம். வைவா முடிந்ததும் அது அலமாரிக்குப் போகிறது. அப்பா ஓவர்டைம் பார்த்த பணம் அது, நண்பர்களே! கோட்டில் ஓடும் ரோபோவுக்காக நம்ம ஊரில் யாரும் காத்திருக்கவில்லை. ஓடையில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

எனவே மூன்று யோசனைகளைப் பேரவையின் முன் வைக்கிறேன்.

ஒன்று: எல்லாத் துறையும் சேர்ந்த ஒரே புராஜெக்ட். சர்க்யூட் நாங்கள் பார்க்கிறோம். குழாய், கூடு, மிதவை எல்லாம் மெக்கானிக்கல். வைக்கும் இடத்தையும் தண்ணியின் ஓட்டத்தையும் சிவில் பார்க்கட்டும். பதிவுகளைக் கம்ப்யூட்டர் துறை சேர்த்து வரைபடமாக்கட்டும். முதலாண்டு வேதியியல் லேப்பில் தண்ணியின் கடினத்தன்மையை டைட்ரேஷன் செய்து பார்த்தோமே... மார்க்குக்காக மட்டுமா அது?

இரண்டு: புராஜெக்ட் மூன்று பேரோடு முடியக் கூடாது. ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்த நாள் யார் கண்ணாடி கழுவினார், சுத்தத் தண்ணிக்கு என்ன எண் வந்தது என்று எழுதி, ஜூனியர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு வருஷக் கணக்கு வேடிக்கை. ஐந்து வருஷக் கணக்குக்குத்தான் மரியாதை.

மூன்று: ஒழுக்கம். எவருடைய பட்டறைக்குள்ளும் நுழையக் கூடாது. பொது ஓடையில், பாலத்தடியில், உரிய துறையிடமும் ஊராட்சியிடமும் அனுமதி வாங்கித்தான் வைக்க வேண்டும். ஆசிரியர் துணையோடுதான் போக வேண்டும். எந்தக் கம்பெனி பெயரையும் நாம் சொல்லக் கூடாது. சென்சாருக்குப் பெயர் தெரியாது, நிறமும் நேரமும்தான் தெரியும். எண்களை ஊர்க்காரர்களிடமும் கொடுப்போம், வாரியத்திடமும் கொடுப்போம், பட்டறை முதலாளிகள் கேட்டால் அவர்களிடமும் கொடுப்போம். மூன்று பேரிடமும் ஒரே தாள். அப்போதுதான் நம் மேல் நம்பிக்கை வரும்.

“இதெல்லாம் செய்து ஆறு சுத்தமாகிவிடுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. சென்சார் ஒரு சொட்டுச் சாயத்தையும் எடுக்காது. சுத்தம் செய்வது பட்டறையின் வேலை, கேட்பது அரசாங்கத்தின் வேலை. ஆனால் எங்க அப்பாவும் அப்புச்சியும் போடுகிற சண்டை, யார் சத்தம் பெரிசு என்பதில் முடியாமல், தாளில் இருக்கிற எண் என்ன என்பதில் வந்து நிற்கும். அது சின்ன முன்னேற்றம் இல்லை.

செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்தவன் 18 வயசுப் பையன். அது போகும் வழியைப் பார்த்துக்கொள்ளும் கண்ணை 18 வயசுக்காரர்கள் நாம் செய்து வைப்போம். மூன்று எல்.இ.டி., ஒரு குழாய், இரண்டு கம்பி, ஒரு நோட்டுப் புத்தகம், வாரம் ஒரு மணி நேரம். வருகிறவர்கள் எங்க துறை நோட்டீஸ் போர்டில் பெயர் எழுதுங்கள். முதல் பெயர் ஏற்கெனவே எழுதியாகிவிட்டது!